போள் வீடுகள்: பழைய அகமதாபாத்தில் ஓர் உலா

தாயகத்தை விட்டுத் தொழில் நிமித்தமாக வேற்றூரிற் குடியேறியவர்க்குக் கடமைகள் இரண்டு உண்டு. தம் மொழியையும் மரபையும் மறவாது போற்றுதல் ஒன்று. தமக்கு வாழ்வளித்த ஊரை அறிந்துகொள்ளுதல் மற்றொன்று. முதற் கடமையை நம் சங்கம் ஆண்டுதோறும் விழா எடுத்தும் மலர் வெளியிட்டும் நிறைவேற்றி வருகிறது. இரண்டாவது கடமைக்கு ஒரு சிறு துணையாக, நாம் வாழும் அகமதாபாத்தின் பழைய நகர்ப் பகுதியையும், அங்கே செப்பனிடப்பெற்று நிற்கும் பழம்பெரும் வீடுகளையும் பற்றிய செய்திகளை ஈண்டுத் தொகுத்துரைக்க முற்படுகிறோம்.

சென்னையிலிருந்து வரும் நவஜீவன் விரைவு வண்டியிலிருந்து நாம் இறங்கும் காலுப்பூர் நிலையத்திற்கு அருகிலேயே இப்பழைய நகர் தொடங்கிவிடுகிறது. மூட்டை முடிச்சுகளோடு நாம் கடந்து செல்லும் அந்த நெரிசலுக்குப் பின்னே, ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்க்கை மரத்திலும் செங்கல்லிலும் எழுதப்பட்டிருக்கிறது.

நகரின் தோற்றம்

சபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் 1411 ஆம் ஆண்டில் குஜராத்தின் சுல்தான் முதலாம் அகமது ஷா இந்நகரை நிறுவினார். அதற்கு முன்னரே அவ்விடத்தையொட்டி ஆசாவல், கர்ணாவதி என்னும் ஊர்கள் இருந்தன. வேட்டை நாயை முயலொன்று எதிர்த்து விரட்டியதைக் கண்ட சுல்தான், ‘வீரம் விளையும் மண் இது’ என வியந்து இங்கே தலைநகர் அமைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. நம் பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றியும் இதே கதை வழங்குவதை நம்மவர் அறிவர். வரலாறு எப்படியிருப்பினும், தம் ஊரைப் பற்றி மக்கள் கொள்ளும் பெருமிதம் எங்கும் ஒன்றுபோலவே பேசுகிறது.

1424 இல் ஜாமா மசூதி கட்டி முடிக்கப்பெற்றது. அகமது ஷாவின் பேரனாகிய மகமூது பேகடா காலத்தில் நகரைச் சுற்றி மதில் எழுந்தது. அதில் பன்னிரண்டு வாயில்கள் இருந்தன. இன்று மதிலின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. எனினும் தில்லி தர்வாசா, ராய்ப்பூர் தர்வாசா, அஸ்டோடியா தர்வாசா என்று பேருந்து நடத்துநர் கூவும் பெயர்களெல்லாம் அம்மதில் வாயில்களின் பெயர்களே.

போள் என்பது யாது?

மதிலுக்கு உட்பட்ட நகரில் மக்கள் வாழும் தெருக்கூட்டத்திற்குப் ‘போள்’ என்று பெயர். நம் ளகரம் போன்ற ஒலி குஜராத்தி மொழியிலும் உண்டாதலின், இச்சொல்லை நம்மால் எளிதிற் பிழையின்றி ஒலிக்க முடிகிறது. வாயில் என்னும் பொருளுடைய ‘பிரதோளி’ என்ற வடசொல்லே போள் என மருவிற்று என்பர். சித்தூர்க் கோட்டை வாயில்களை ராம் போள், சூரஜ் போள் என அழைப்பதும் இதனாலேயே.

ஒவ்வொரு போளுக்கும் பெருவாயில் ஒன்று. அதன் மேலே காவலன் தங்கும் சிற்றறை. உள்ளே ஒரு முதன்மைத் தெருவும் அதினின்று பிரியும் சந்துகளும். நடுவே பொதுக் கிணறு, கோயில், பறவைகளுக்குத் தானியம் இடும் ‘சபூத்ரோ’ என்னும் தூண்மாடம். இரவில் பெருவாயில் அடைக்கப்படும். ஒரு போளினின்று மற்றொரு போளுக்குச் செல்ல மறைவழிகளும் உண்டு. புதியவர் கண்ணுக்கு அவை ஏதோ ஒரு வீட்டின் கதவுபோலவே தோன்றும்.

இத்தகைய கட்டுக்காவல் ஏன் வேண்டியதாயிற்று? 18 ஆம் நூற்றாண்டில் மொகலாயரின் பிடி தளர்ந்து, மராட்டியப் படைகள் மீண்டும் மீண்டும் நகரைச் சூழ்ந்தன. 1725 இல் நகர் சூறையாடப்படவிருந்த தறுவாயில், நகர்சேட்டாகிய குஷால்சந்த் தம் கைப்பொருளைப் படையினர்க்கு ஈந்து ஊரைக் காத்தார். நன்றி மறவாத வணிகர்கள், நகருக்குள் வரும் சரக்கில் நூறு ரூபாய்க்கு நாலணா வீதம் அவருக்கும் அவர் வழியினர்க்கும் அளிக்க இசைந்தனர். அரசு காக்கத் தவறிய காலத்தில் தெருவே தன்னைக் காத்துக்கொண்டது. அத்தற்காப்பின் கல்லும் கதவுமே போள்கள்.

போளுக்கு ஆளுகையும் உண்டு. வீட்டை விற்க விரும்புவோர் முதலில் போளுக்கு உட்பட்டவர்க்கே கூறவேண்டும். வெளியார்க்கு விற்பதற்குப் போள் மக்களின் இசைவு வேண்டும். விற்பனையின்போதும் திருமணத்தின்போதும் பொதுநிதிக்கு ஒரு தொகை செலுத்த வேண்டும். அந்நிதியைக் கொண்டே வாயிலும் கிணறும் செப்பனிடப்பட்டன. செப்பனிடுதல் என்பது அக்காலத்தில் தனிப்பெருஞ் செயலாகக் கருதப்படாமல், ஆண்டுதோறும் நிகழும் ஊர்ப்பணியாகவே இருந்தது.

வீட்டின் அமைப்பு

போள் வீட்டிற்குள் நுழையும் தமிழர்க்கு அது பிறந்த வீடுபோலத் தோன்றும். தெருவை நோக்கிய திண்ணைக்கு ‘ஓட்லோ’ என்று பெயர். அதனை அடுத்து ‘கட்கீ’ எனப்படும் முன்கட்டு. பின்னர் வானம் பார்த்த முற்றம். இதனைச் ‘சோக்’ என்பர். முற்றத்திற்கு அப்பால் தாழ்வாரமாகிய ‘பர்சாள்’. அதற்குப் பின்னே உள்ளறையாகிய ‘ஓர்டோ’. முற்றத்தின் ஒரு பக்கம் சமையற்கட்டும், குடிநீர்ப் பானைகள் வைக்கும் ‘பாணியாரு’ என்னும் மாடமும் அமைந்திருக்கும். தஞ்சைத் தரணியின் இரட்டைக்கட்டு வீட்டை நினைவிற்கொண்டு, அதன்மேல் மூன்று மாடிகளை ஏற்றி, அகலத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒரு போள் வீடு கிடைத்துவிடும்.

மனைகள் குறுகியும் நீண்டும் கிடப்பதால் இருபுறச் சுவர்களும் அண்டை வீட்டாரோடு பொதுவானவை. மேல்மாடிகள் தெருப்பக்கமாகச் சிறிது நீட்டப்பெற்று, செதுக்கிய மரத்தாங்கிகளின்மேல் நிற்கும். எதிரெதிர் வீடுகளின் மாடிகள் நெருங்கி வருவதால் தெருவில் வெயில் விழுவது சிறிது நேரமே. முற்றத்தின் வழியே வெப்பக் காற்று மேலெழ, நிழல் படிந்த தெருவிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மே மாதத்து அகமதாபாத் வெயிலை அறிந்த நமக்கு இவ்வமைப்பின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முற்றத்தின் அடியில் மறைந்திருப்பது ‘டாங்கு’ என்னும் நிலத்தடி நீர்த்தொட்டி. மாடியில் விழும் மழைநீர் குழாய் வழியாக இறங்கிச் சுண்ணாம்பு பூசிய இத்தொட்டியில் சேர்கிறது. முதல் மழையின் நீரை வெளியே விட்டு, மாடியைக் கழுவிய பின்னரே நீரைத் தொட்டிக்குத் திருப்புவர். வெளிச்சம் புகாதவாறு மூடிவைப்பதால் பாசி பிடிக்காமல், அடுத்த மழைக்காலம் வரை குடிப்பதற்கு நீர் நிற்கும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், இந்நகரின் முதல் நூற்பாலையை 1861 இல் இயக்கிய ரண்சோட்லால் சோட்டாலால் நகராட்சித் தலைவராக இருந்து குழாய்நீர்த் திட்டத்தைக் கொணர்ந்தார். குழாய் வந்தபின் டாங்குகள் பல தூர்ந்தன. இந்நாளில் மழைநீர் சேகரிப்பை வற்புறுத்தும் அரசுகள், அன்று ஒவ்வொரு வீட்டிலும் இருந்ததையே புதிதாக அமைக்கச் சொல்கின்றன.

உலா செல்லும் வழி

1997 நவம்பர் 19 முதல் அகமதாபாத் மாநகராட்சி ஒரு மரபு உலாவினைத் தொடங்கி நடத்தியது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜாமா மசூதியில் முடியும் அவ்வழியே நாமும் செல்வோமாக.

சுவாமிநாராயண் கோயில் 1822 இல் அமைந்தது. பர்மாத் தேக்கில் இழைத்த அதன் தூண்களும் வளைவுகளும் வண்ணம் தீட்டப்பெற்று விளங்குகின்றன. அங்கிருந்து சிறிது தூரத்தில் இலம்பேசுவர் போள். இங்கே வாழ்ந்தவர் குஜராத்தி மொழியின் பெருங்கவிஞர் தல்பத்ராம் (1820–1898). ஆங்கில அதிகாரியாகிய அலெக்சாண்டர் கின்லாக் ஃபோர்ப்ஸ் இவரையே துணையாகக் கொண்டு குஜராத்தின் பழங்கதைகளையும் ஏடுகளையும் தேடித் தொகுத்து, 1856 இல் ‘ராஸ் மாலா’ என்னும் வரலாற்று நூலை வெளியிட்டார். 1848 இல் ஃபோர்ப்ஸ் நிறுவிய மொழிக் கழகத்திலும் தல்பத்ராம் நெடுங்காலம் தொண்டாற்றினார். கவிஞரின் பழைய வீடு இன்று இல்லை. அவ்விடத்தில் முகப்பை மட்டும் மீண்டும் எழுப்பி, திண்ணையில் அவர் அமர்ந்திருப்பதுபோல் ஓர் உலோகச் சிலையை வைத்துள்ளனர். போள் சிறுவர்கள் அச்சிலையின் அருகே அமர்ந்து கதை பேசுவதைக் காணலாம். தம் கவிஞனை மாலையிடும் நாளில் மட்டும் நினையாமல், அன்றாடம் தோளுரசும் அயலானாக வைத்துக்கொண்ட இப்பண்பு நாமும் பின்பற்றத் தக்கது.

அடுத்து ஹாஜா பட்டேல் போளில் காலா ராம்ஜி கோயில். வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் ஒரு வீடே. உள்ளே கருங்கல்லில் அமைந்த இராமபிரான் அமர்ந்த கோலத்தில் காட்சி தருகிறார்.

‘கூவாவாலோ காஞ்சோ’ என்னுமிடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். கிணறு உள்ள மூலை என்பது இதன் பொருள். நம் பழந்தமிழிலும் கிணற்றுக்குக் ‘கூவல்’ என்றொரு பெயர் உண்டு என்பது இங்கே நினைவிற்கு வருகிறது. இம்மூலையைச் சுற்றி நான்கு பாணியில் அமைந்த வீட்டு முகப்புகள் நிற்கின்றன. குஜராத்தி மரவேலை ஒன்றில். மராட்டியர் கால அமைப்பு மற்றொன்றில். முகம்மதியக் கலைச் சாயல் பிறிதொன்றில். ஆங்கிலேயர் காலப் பாணி இன்னொன்றில். ஆட்சிகள் மாறிய வரலாற்றை நான்கு அண்டை வீடுகள் ஒரே இடத்தில் காட்டுகின்றன.

தோசிவாடா போள், ஜவேரிவாட் முதலியவற்றைக் கடந்தால் ஹர்குன்வர் சேட்டாணியின் ஹவேலியை அடைகிறோம். ஹவேலி என்பது மாளிகை. இவ்வம்மையாரின் கணவர் ஹதீசிங் கேசரிசிங் பெருவணிகர். தில்லி வாயிலுக்கு வெளியே வெண்சலவைக் கல்லால் ஒரு சமணக் கோயிலைத் தொடங்கிய அவர், அது முடியுமுன்னரே காலமானார். அம்மையார் தாமே முன்னின்று 1848 இல் அதனை நிறைவு செய்தார். கோயிலைக் காணச் செல்வோர் பலர். அதனைக் கட்டி முடித்தவர் வாழ்ந்த வீட்டைக் காண்போர் சிலரே.

பின்னர் பொட்டு விற்கும் சாந்த்லா ஓள், அகமதாபாத்தின் முதற் போள் எனக் கருதப்படும் முகூர்த்தப் போள், 1894 இல் தோன்றிய பங்குச் சந்தையின் பழைய கட்டடம், பகலில் பொற்கடைகளும் இரவில் உணவுக் கடைகளுமாக விளங்கும் மாணிக் சவுக்கு ஆகியவற்றைக் கண்டு, அகமது ஷாவின் அடக்கத்தலத்தை வணங்கி, ஜாமா மசூதியின் பரந்த முற்றத்தில் உலா நிறைவுறும். அயர்ச்சி தோன்றாதோர் காடியாப் பகுதிக்கும் சென்று, 17 ஆம் நூற்றாண்டின் மெய்ஞ்ஞானக் கவிஞர் அகோ வாழ்ந்ததாகத் தேசாயி போளில் காட்டப்படும் சிற்றறையையும் காணலாம்.

தச்சரின் புகழ்

இவ்வீடுகளின் மரவேலை கடல் கடந்தும் சென்றது. அமெரிக்கக் கலைஞர் லாக்வுட் டி ஃபாரஸ்ட் என்பவர் 1881 இல் அகமதாபாத்திற்கு வந்து, போள் வீடுகளின் தாங்கிகளையும் பலகணிகளையும் கண்டு வியந்தார். ஹதீசிங் குடும்பத்தைச் சேர்ந்த மகன்பாயியுடன் கூட்டுச் சேர்ந்து மரச்செதுக்கு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். இங்குள்ள தச்சர்கள் செதுக்கிய தேக்கு நியூயார்க் சென்றது. அந்நகரின் பத்தாந் தெருவில் டி ஃபாரஸ்ட் கட்டிய சொந்த வீட்டின் முகப்பையும், பெருஞ்செல்வர் ஆண்ட்ரூ கார்னகியின் மாளிகையிலுள்ள தேக்கு அறையையும் அம்மரவேலை அணி செய்தது. கார்னகி மாளிகை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அத்தேக்கு அறையைச் செப்பனிட்டு அங்கே போற்றிக் காக்கின்றனர். அதே கைவண்ணத்தில் அமைந்த தூண்களோ இங்கே பல வீடுகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுப் பழம்பொருள் வணிகரிடம் எடைக்கு எடை போகின்றன.

நிலநடுக்கமும் மரமும்

2001 சனவரி 26 அன்று காலை குஜராத்தை உலுக்கிய நிலநடுக்கத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க முடியாது. அகமதாபாத்தில் புதிதாக எழுந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் பல சரிந்து, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பழைய நகரின் வீடுகளிற் சில விரிசல் கண்டன. ஆயினும் பெரும்பாலானவை தாங்கி நின்றன.

இதற்குக் காரணம் அவற்றின் கட்டுமான முறையே. செங்கற் சுவருக்குள் இடையிடையே மரச்சட்டங்கள் கிடையாகப் பதிக்கப்பெற்றுள்ளன. உத்திரமும் தூணும் ஆணியின்றிப் பொருத்துவாய்களால் இணைந்தவை. நிலம் அசையும்போது மூட்டுகள் சிறிது நெகிழ்ந்து கொடுத்து, அதிர்ச்சியைத் தாம் ஏற்றுக்கொள்கின்றன. மரச்சட்டம் சுவர் பிளந்து சரியாமல் கட்டிவைக்கிறது. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அண்டை வீடுகளும் துணையாயின. இந்த உண்மையில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. வரிசையின் நடுவே ஒரு வீட்டை இடித்துவிட்டால், இருபுறமும் உள்ள வீடுகள் தம் துணையை இழக்கின்றன. போளில் ஒருவர் வீடு அவருடையது மட்டும் ஆகாது.

செப்பனிடும் முறை

பழைய வீட்டைச் செப்பனிடுவோர் முதலில் செய்வது அகற்றுதலே. தலைமுறை தலைமுறையாக மரத்தின்மேற் பூசிய எண்ணெய் வண்ணத்தை மெல்லச் சுரண்டி எடுத்தால் தேக்கின் இழை தெரிகிறது. சிமெண்டுப் பூச்சையும் உதிர்த்துவிடுகின்றனர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளிவிட்டு மூச்சு வாங்குவது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லையும் மரத்தையும் அரித்துவிடும். தூணின் அடிப்பகுதி உளுத்திருந்தால் முழுத்தூணையும் மாற்றாமல், கெட்ட பகுதியை மட்டும் அறுத்துப் புதுத் தேக்குத் துண்டை ஒட்டிப் பொருத்துகின்றனர். மின்கம்பி, குளியலறை முதலிய இக்கால வசதிகளைப் பழைய அமைப்புக்கு ஊறு நேராவண்ணம் சேர்ப்பதே இக்கலையின் மிகக் கடினமான பகுதி.

இவ்வாறு புத்துயிர் பெற்றவற்றுள் சில பெயர் பெற்றவை. சித்தி சையத் மசூதிக்கு எதிரே, ஆலை முதலாளி மங்களதாஸ் கிரிதர்தாஸ் 1924 இல் கட்டிய மாளிகை விடுதியாக மாற்றப்பெற்றது. காடியாவின் இலாகா பட்டேல் போளில் உள்ள மங்களதாஸ் ஹவேலியும், மாணிக் சவுக்கை அடுத்த திவான்ஜி ஹவேலியும் அழகுறச் செப்பனிடப்பெற்றன. மாநகராட்சியும் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட பழம் வீடுகளைப் பட்டியலிட்டது. அவ்வீடுகளின் உரிமையாளர், தம் மனையில் உயரமாகக் கட்டாமல் விட்ட உரிமையை நகரின் பிற பகுதியிற் கட்டுவோர்க்கு விற்று, அப்பணத்தைக் கொண்டு பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் வழி வகுத்தது. 2017 சூலையில் இந்நகர் உலக மரபுச் செல்வமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பெற்றது. இந்தியாவில் இச்சிறப்பை முதலிற் பெற்ற நகர் இதுவே.

எது பாதுகாப்பு?

இங்கே நாம் ஒன்றை எண்ணிப்பார்த்தல் நலம். விடுதியான வீடு காப்பாற்றப்பட்டது, அதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வீட்டின் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடிக்கும் பாட்டி அங்கே இல்லை. 1892 இல் எல்லிஸ் பாலம் இரும்பால் எழுந்த பின்னர்ச் செல்வர் பலர் ஆற்றின் மேற்கரைக்குப் பெயர்ந்தனர். எஞ்சிய வீடுகளில் வாரிசுகள் பலர், வாடகையோ சொற்பம், பழுதுபார்க்கும் செலவோ பெரிது. ஆதலின் வீடு சரக்குக் கிடங்காக மாறுகிறது; அல்லது இரவோடிரவாக இடிக்கப்படுகிறது. அதனை இடித்தவரை மட்டும் பழித்துப் பயனில்லை. ஒழுகும் கூரையின்கீழ் வாழ்வோர்க்கு உலகப் புகழ் சோறு போடாது. வீட்டைக் காக்க வேண்டுமாயின் அதில் வாழ்வோர்க்கு வாழும் வசதி வேண்டும். உதவி அவர்கள் கைக்கு எளிதில் எட்ட வேண்டும். குடும்பம் வாழும் வீடே முழுமையாகக் காக்கப்பட்ட வீடு என்பது நம் கருத்து.

சனவரி 14 அன்று உத்தராயண விழாவில் இது நன்கு விளங்கும். மேற்கரைக்குப் பெயர்ந்தவர்கள் அன்று தம் பழைய போளுக்குத் திரும்பி, மாடியில் ஏறிப் பட்டம் விடுகின்றனர். வீட்டை விற்றவரும் பிறர் மாடியை வாடகைக்குப் பெற்றாவது போளுக்கே வருகின்றனர். மண்ணோடு உள்ள உறவு பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவுடன் அறுந்துவிடுவதில்லை.

நாம் செய்யத்தக்கவை

நமக்கு இச்செய்தி புதிதன்று. நம்மவர் ஊர்களிலும் திண்ணைகளை இடித்துக் கடை எழுப்பியாயிற்று; செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலை கூறப்படுகின்றன. தாத்தா வீட்டின் சாவி ஒருவரிடமும் பட்டா மற்றொருவரிடமும் இருக்க, கூரை யாரிடமும் கேளாமல் இறங்குகிறது.

ஆதலின் நம் குடும்பங்களுக்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கிறோம். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குழந்தைகளுடன் போள்களுக்குச் சென்று வருக. வீட்டாரின் இசைவின்றி உள்ளே நுழையாமலும் படம் எடுக்காமலும், செருப்பைக் களைந்து, குஜராத்தியில் ‘கேம் சோ’ என்று நலம் கேட்டு நின்றால் பெரும்பாலும் ஒரு குவளை தண்ணீரும் ஒரு கதையும் கிடைக்கும். மதுரையில் வாழும் சௌராட்டிரர் தம் முன்னோர் இத்திசையினின்று வந்தவரென்னும் நினைவை நூற்றாண்டுகள் கடந்தும் காத்து வருகின்றனர். இங்கு வாழும் நாமும் இரு மண்ணையும் அறிந்தவராதல் வேண்டும்.

மற்றொன்று: ஊரிலுள்ள நம் பூர்விக வீட்டின் அமைப்பை, வீட்டுப் பெரியவர்கள் உடனிருக்கும்போதே, குழந்தைகளைக் கொண்டு ஒரு தாளில் வரைந்து வைப்போமாக. திண்ணை எங்கே, முற்றம் எங்கே, நெற்குதிர் நின்ற இடம் எது, கிணற்றடி எப்பக்கம் என்று கேட்டு எழுதுக. பழுதுபார்க்கப் பணம் என்று கிடைக்குமோ அறியோம். அது கிடைக்கும் நாளில், இருந்தது யாது என்று சொல்லும் தாளேனும் நம் கையில் இருத்தல் வேண்டும்.